எனக்குக் கேட்டது வேறு, நான் கேட்டது வேறு

தமிழில் ‘கேள்’ என்ற ஒரு வினையை வைத்துக்கொண்டு ஒரு நாளையே ஓட்டிவிடலாம். கோயில் மணி கேட்கும். வானொலியில் செய்தி கேட்போம். சந்தையில் விலை கேட்போம். கொடுத்த காசைத் திருப்பிக் கேட்போம். ஆங்கிலத்தில் இதே வினை நாலாக உடைகிறது: ஹியர், லிசின், ஆஸ்க், டிமாண்ட். பின்னிரண்டிலும் பெரிய தடுமாற்றம் வருவதில்லை. ஹியர், லிசின் இரண்டிலுந்தான் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளை முதல் கந்தோரில் கடிதம் எழுதுபவர் வரை இடறுகிறார்கள். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘கேள்’ என்றே இருக்கும். அதோடு ஆள் இன்னும் குழம்பிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தியாசம் தமிழிலும் இருக்கிறது. வினையில் இல்லை, வினைக்கு முன்னால் வரும் சொல்லில் இருக்கிறது. ‘எனக்குக் கேட்டது’ என்றால் ஹியர். ‘நான் கேட்டேன்’ என்றால் லிசின். நான்காம் வேற்றுமை வந்தால் காரியம் தானாக நடந்திருக்கிறது, காதில் வந்து விழுந்திருக்கிறது. ‘நான்’ வந்தால் மனம் வைத்துச் செய்திருக்கிறோம். வாட்சப்பில் அழைப்பு எடுத்து, இணைப்பு விட்டுவிட்டு வரும்போது ‘ஹலோ, கேக்குதோ?’ என்கிறோமே, அது ‘உங்களுக்குக் கேக்குதோ’ என்பதன் சுருக்கம். ஆகவே ‘கேன் யூ ஹியர் மீ’. அந்த இடத்தில் ‘ஆர் யூ லிசினிங்’ என்று கேட்டால், ‘நான் சொல்லுறதை நீ கவனிக்கிறியோ இல்லையோ’ என்று அதட்டியது போலாகிவிடும். கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளை ஏன் முகம் சுருக்குகிறது என்று அம்மம்மாவுக்கு விளங்காது.

இரண்டு பிழை இங்கே வழமையாக வரும். ஒன்று, லிசினுக்குப் பின்னால் ‘டு’ விடுபடுவது. ‘பாட்டுக் கேட்டேன்’ என்பதில் உருபு மறைந்து நிற்பதால் ஆங்கிலத்திலும் எதுவும் வேண்டாம் என்று கை தானாகத் தாண்டிவிடுகிறது. மற்றது, ‘ஐ ஆம் ஹியரிங் எ நொய்ஸ்’. தமிழில் ‘சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது’ என்பது சரி. ஆங்கிலத்தில் தானாக நடக்கும் புலன்வினைகள் பொதுவாகத் தொடர்வினை வடிவத்துக்கு வருவதில்லை. ‘ஐ கேன் ஹியர் எ நொய்ஸ்’ என்றுதான் வரவேண்டும்.

(இடையில் ஒரு சொல். ரீச்சர், ரியூசன், லைற் என்று எழுதுவதுதான் எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கு. ஆனால் ஆராயப்படும் ஆங்கிலச் சொற்களுக்கு இங்கே டகரம் போட்டிருக்கிறேன். ‘ரெல்’ என்று எழுதினால் தமிழ்நாட்டு வாசகர் ரயிலோ என்று நினைக்கக்கூடும்.)

கண்ணுக்கும் இதே கணக்குத்தான். ‘எனக்குத் தெரியுது’ என்றால் ஸீ. ‘நான் பார்க்கிறேன்’ என்றால் லுக் அட். பார்வையை வைத்தபடியே, மாறிக்கொண்டிருக்கும் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தால் வாட்ச். நல்லூர்த் தேரன்று வீதியோரத்தில் நிற்பவருக்கு மூன்றும் அடுத்தடுத்து நடக்கும். சனத்துக்கு மேலால் தேர்முடி கண்ணில் படுகிறது: ஸீ. சிற்ப வேலைப்பாட்டை உற்றுப் பார்க்கிறார்: லுக் அட். தேர் அசைந்து வீதி சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்: வாட்ச். சுவரில் தொங்கும் படத்தை வாட்ச் பண்ண முடியாது, அது அசையாது. வைத்தியரைப் ‘பார்ப்பது’ ஸீ; அங்கே சந்திப்புத்தான் பொருள். ‘பிள்ளையை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ’ என்று பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் வாட்ச். வெளிநாடு போய் மாதக்கணக்கில் விட்டால் லுக் ஆஃப்டர்.

இந்த ‘எனக்கு / நான்’ சோதனை இன்னும் ஓரிடத்தில் உதவும். ‘எனக்குக் கிடைத்தது’ என்றால் ரிஸீவ்; ‘நான் ஏற்றுக்கொண்டேன்’ என்றால் அக்ஸெப்ட். வேலைக் கடிதம் வந்து சேர்ந்ததை அறிவிக்க அக்ஸெப்ட் போட்டால், வேலையை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடுத்தது சொல்லுதல், கதைத்தல், பேசுதல். இதில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தனியாக ஒரு பொறி இருக்கிறது. இங்கே ‘பேசினார்’ என்றால் ஏசினார் என்று பொருள். சாதாரண உரையாடலுக்குக் ‘கதை’ என்போம். பாடப்புத்தகத்தில் ஸ்பீக் என்பதற்குப் ‘பேசு’ என்று படித்துவிட்டு, ‘நேற்று சேர் பேசினவர்’ என்பதை ‘சேர் ஸ்போக் டு மீ’ என்று எழுதினால் வாங்கிய ஏச்சு முழுவதும் காணாமல் போய்விடும். அதற்கு ஸ்கோல்ட் வேண்டும். மறுபக்கம், ‘இங்கிலிஷ் கதைப்பன்’ என்பதை ‘டோக் இங்கிலிஷ்’ ஆக்குகிறார்கள். மொழியின் பெயர் வந்தால் ஸ்பீக்தான். டோக் என்பது இரண்டு பேருக்கிடையே போய்வரும் கதை. ஸ்பீக் ஒருவழியாகவும் இருக்கலாம், மேடைக்கும் பொருந்தும், கொஞ்சம் விறைப்பானது.

ஸேயும் டெல்லும் அதைவிட எளிது. டெல்லுக்குப் பின்னால் உடனே ஆள் வரவேண்டும்: டெல் மீ, டெல் ஹேர். ஸேக்குப் பின்னால் சொன்ன விடயம் வரவேண்டும். ஆளைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் ‘டு’ போட்டுச் சொல்லலாம். ‘ஸே மீ’ என்பது எந்த இடத்திலும் வராது. ஆள் இல்லாமலே டெல் வரும் சில கட்டுச் சொற்கள் உண்டு: பொய், உண்மை, கதை, பகிடி, மணி. இந்த ஐந்தையும் மனனம் செய்வதைத் தவிர வழியில்லை. எக்ஸ்பிளெய்ன் மட்டும் டெல் மாதிரித் தோன்றி ஏமாற்றும். ‘எக்ஸ்பிளெய்ன் மீ’ பிழை. ‘எக்ஸ்பிளெய்ன் இட் டு மீ’ என்று வரவேண்டும். ‘எனக்கு விளங்கப்படுத்துங்கோ’ என்ற நினைப்பில் ‘எனக்கு’ முன்னால் நிற்பதால் வரும் வினை இது.

இனிக் கடன். எங்கள் ஊரில் இதற்கு இருக்கும் சொற்செல்வத்தைப் பார்த்தால் ஆங்கிலம்தான் ஏழை. காசை எழுத்து, வட்டி இல்லாமல் நாலைந்து நாளுக்கு வாங்கினால் கைமாற்று. பொருளை வாங்கி அதே பொருளைத் திருப்பிக் கொடுத்தால் இரவல். வட்டியோடு நாளும் குறித்து வாங்கினால் கடன். இவை மூன்றும் ஆங்கிலத்தில் பொரோ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆங்கிலம் வேறொரு கேள்வியைக் கட்டாயமாகக் கேட்கிறது: பொருள் எந்தத் திசையில் போகிறது? என்னிடம் வந்தால் பொரோ, என்னைவிட்டுப் போனால் லெண்ட். தமிழில் திசையைக் காட்டுவது ‘வாங்கு’, ‘கொடு’ என்ற துணை. ‘கடன்’ இரண்டு பக்கமும் அதேதான். பிள்ளைகள் கொப்பியில் ‘பொரோ – கடன், லெண்ட் – கடன்’ என்று எழுதி வைப்பதால் திசை கழன்று விழுந்துவிடுகிறது. ‘கேன் யூ பொரோ மீ யுவர் பென்’ பிறப்பது அங்கேதான். கொப்பியில் ‘பொரோ – கடன் வாங்கு, லெண்ட் – கடன் கொடு’ என்று துணையையும் சேர்த்து எழுதினால் பாதிப் பிழை அன்றைக்கே போய்விடும். மிச்சப் பாதிக்குப் பின்சொல்: பொரோவுக்கு ‘ஃப்ரொம்’, லெண்டுக்கு ‘டு’. ‘லெண்ட் மீ’ சரி; ‘பொரோ மீ’ ஒருநாளும் சரியில்லை. திரும்பி வராத பொருளுக்கு இரண்டுமே வேண்டாம். ஒரு ஒற்றைத் தாள் கேட்பதற்குக் ‘கேன் ஐ ஹாவ்’ போதும்.

வாடகைப் பக்கம் வந்தால் ஹயர், ரென்ட், லீஸ். ஓட்டோக்காரர் ‘ஹயர் ஒண்டு இருக்கு’ என்கிறாரே, அது பிரித்தானிய ஆங்கிலத்தின் சரியான பாவனை: குறுங்காலம், ஒரு காரியத்துக்கு. கலியாணத்துக்கு வான் பிடித்தாலும் கதிரை எடுத்தாலும் ஹயர். வீட்டுக்கு மாதம் மாதம் கொடுப்பது ரென்ட். காணியையோ கடைக் கட்டடத்தையோ எழுத்து வைத்து, ஆண்டு குறித்து எடுப்பது லீஸ், எங்கள் குத்தகை. ரென்ட்டில் ஒரு மயக்கம் உண்டு. ‘ஐ ரென்டட் எ ஹவுஸ்’ என்பதை வைத்துச் சொன்னவர் வீட்டுக்காரரா குடியிருப்பவரா என்று முடிவுகட்ட முடியாது. கொடுத்தவர் என்றால் ‘ரென்டட் அவுட்’ அல்லது ‘லெட்’ என்று எழுதுவது பாதுகாப்பு. இலங்கையில் ‘லீசிங்’ என்பது வாகனத்துக்குத் தவணைக் கடன். கட்டி முடித்தால் வாகனம் எங்களுக்கு. வெளிநாட்டில் பல இடங்களில் லீஸ் காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வெளியாளுக்கு எழுதும் கடிதத்தில் இதை ஒரு வரி விளக்காவிட்டால் சொத்துக் கணக்கே மாறிவிடும்.

நகையை வைத்தால் அடைவு, அது போனிங் (தொலைபேசி இல்லை, அந்த ‘போ’ நன்றாக நீளும்). காணியை ஈடு வைத்தால் மோர்கேஜ். எழுத்தில் நடுவில் ஒரு டகரம் இருந்தாலும் வாயில் வராது. வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அனுபவித்தால் ஒற்றி. இந்த ஒற்றிக்கு அன்றாட ஆங்கிலத்தில் சொல் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமாக 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமையில் அதற்கு விதிகள் இருக்கின்றன. இன்றும் சட்ட ஆங்கிலத்தில் ‘ஒட்டி’ என்று தமிழ்ச் சொல்லையே போட்டுவிடுகிறார்கள். சொல் இல்லாத இடத்தில் கிட்டத்தட்டப் பொருந்தும் ஒன்றை வைத்து ஒப்பேற்றுவதைவிட அது நேர்மையான வேலை.

அரசாங்கத் தமிழ் ஒன்றாக்கி வைத்திருக்கும் இன்னொரு சொல் ‘கட்டணம்’. பஸ் கட்டணம் ஃபெயார். பரீட்சைக் கட்டணம், வைத்தியர் கட்டணம், ரியூசன் காசு எல்லாம் ஃபீ. அதிவேகப் பாதைக் கட்டணம் டோல். தபால் கட்டணம் போஸ்டேஜ். மின்சாரத்துக்கு வருவது பில், அதற்குள் இருக்கும் ஒவ்வொரு வரியும் சார்ஜ். ஃபெயார் என்பது ஆள் ஏறிப் போவதற்கு மட்டுமே. கொழும்புப் பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டால் அதற்குக் கொடுப்பது சார்ஜ். ஃபீ என்பது படித்த தொழிலாளருக்கோ நிறுவனத்துக்கோ கொடுப்பது. சம்பளமும் கூலியும் போலத்தான் சலரியும் வேஜும்: மாதத்துக்கு ஒன்று, நாளுக்கோ மணித்தியாலத்துக்கோ மற்றது. இதோடு சேர்த்து ஒன்று: பொருள்தான் எக்ஸ்பென்சிவ், விலை ஹை. ‘விலை கூட’ என்று நாங்கள் சொல்வதை அப்படியே பெயர்த்தால், நல்ல காலம், சரியாகவே வந்துவிடும். ‘பிரைஸ் இஸ் எக்ஸ்பென்சிவ்’ என்பது ஆங்கிலத்திலேயே அரைகுறையாகப் படித்ததால் வரும் பிழை. தமிழைக் குறை சொல்ல இடமில்லை.

தன்வினை, பிறவினை படித்தவருக்கு அடுத்த இணை தண்ணீர் பட்ட பாடு. எழு – எழுப்பு, கிட – கிடத்து, விழு – வீழ்த்து, நிரம்பு – நிரப்பு. ஆங்கிலத்தில் இப்படிச் சோடியாக மிஞ்சியிருப்பவை கொஞ்சந்தான். ரைஸ் – ரெய்ஸ், லை – லே, ஃபோல் – ஃபெல். கடைசியில் வரும் ஃபெல் மரத்தைத் தறித்து வீழ்த்துவது. விலை ஏறினது என்றால் ரைஸ். விலையை ஏத்தினாங்கள் என்றால் ரெய்ஸ். ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள்; விடை வந்தால் ரெய்ஸ், வராவிட்டால் ரைஸ். வெளிநாட்டில் படிக்கக் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் அகடமிக் பரீட்சையின் முதல் எழுத்து வேலையில் வரைபடத்தை 150 சொல்லுக்குக் குறையாமல் விபரிக்க வேண்டும். அங்கே இந்த இணை வரிக்கு வரி வரும். இறந்தகாலத்தில் ரைஸ் ‘ரோஸ்’ ஆகும், ரெய்ஸ் ‘ரெய்ஸ்ட்’ ஆகும். ‘பிரைசஸ் ரெய்ஸ்ட்’ என்று எழுதியவர் ஒரு பிழையோடு நிற்பதில்லை, அதே பிழையைப் பந்தி முழுவதும் விதைத்துவிடுவார். இன்கிரீஸ் இரண்டு பக்கமும் செல்லும், நிச்சயமில்லாவிட்டால் அதைப் பிடித்துக்கொள்ளலாம். கூடவே ‘பை’, ‘டு’ வித்தியாசம்: நாற்பதிலிருந்து அறுபதுக்குப் போனால் பை இருபது, டு அறுபது. அந்த நாற்பதும் அறுபதும் ஏற்கெனவே சதவீதங்கள் என்றால் உயர்வு இருபது ‘பெர்சென்டேஜ் பொயின்ட்’. இருபது சதவீதம் அல்ல, ஐம்பது சதவீதம்.

லை – லே ஆங்கிலேயருக்கே தகராறு. கிட: லை, லே, லெய்ன். கிடத்து: லே, லெய்ட், லெய்ட். பொய் சொல்: லை, லைட், லைட். கிடப்பதன் இறந்தகாலமும் கிடத்துவதன் நிகழ்காலமும் ஒரே சொல்லாகிவிட்டதுதான் குழப்பத்தின் வேர். பாயில் படுத்திருந்தேன் என்பதற்கு ‘ஐ லெய்ட்’ என்று எழுதினால் ‘எதை?’ என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும். கோழி முட்டை இடுவது லே, அதற்கு முட்டை என்ற விடை இருக்கிறது.

கடிதத்துக்கு வருவோம். ‘நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.’ இதில் நம்பு என்பது ஹோப், விருப்பம். பிலீவ் போட்டால் யாரோ மறுத்ததற்குப் பதில் சொல்வது போல ஒலிக்கும். ஒருவர் சொன்னதை நம்பினால் பிலீவ். ஆளையே நம்பி வீட்டுத் திறப்பைக் கொடுத்தால் ட்ரஸ்ட். ‘அவன் சொல்லுறது உண்மைதான், ஆனா ஆளை நம்பேலாது’ என்ற வாக்கியத்தில் முதலாவதுக்குப் பிலீவ் உண்டு, இரண்டாவதுக்கு ட்ரஸ்ட் இல்லை. கடித முடிவில் ‘பதிலை எதிர்பார்க்கிறேன்’ என்பது தமிழில் பணிவு. ‘ஐ ஆம் எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’ என்றால் ஆங்கிலத்தில் அதட்டல். அனுப்பத்தான் வேண்டும், தவறக்கூடாது என்ற தொனி. அங்கே ‘லுக் ஃபோர்வார்ட் டு’ வரவேண்டும், அதன் பின்னால் வினை வந்தால் ‘இங்’ வடிவில்: ‘டு ஹியரிங் ஃப்ரொம் யூ’. பஸ்ஸுக்குக் காத்து நிற்பது வெயிட் ஃபோர். பஸ் ஐந்து மணிக்கு வரும் என்று கணக்குப் போட்டிருப்பது எக்ஸ்பெக்ட். இருக்க இடம் கிடைக்கட்டும் என்று வேண்டுவது ஹோப். வராது போலிருக்கிறதே என்று முன்கூட்டியே ஓட்டோவுக்குச் சொல்லி வைத்தால், அது ஆன்டிசிபேட்.

ஏன் இத்தனை சொல் என்று கேட்பவருக்கு எங்கள் வீட்டையே காட்டலாம். வேலை செய்யும் இடத்துக்கு நாங்கள் கந்தோர் என்கிறோம், ஒபிஸ் என்கிறோம், பலகையில் அலுவலகம் அல்லது காரியாலயம் என்று எழுதுகிறோம். கந்தோர் 1658இல் வந்த ஒல்லாந்தர் விட்டுப்போனது. ஒபிஸ் 1795இல் வந்த ஆங்கிலேயரோடு வந்தது. காரியாலயம் வடமொழி. நாலும் ஒரே கட்டடந்தான், ஆனால் பொருத்தம் வேறு. வயதான அப்புவின் வாயில் கந்தோர் அழகு. வங்கியின் பெயர்ப்பலகையில் அதை எழுதினால் சிரிப்பார்கள். ஆங்கிலத்துக்கும் இதே கதைதான். 1066இல் நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன. பிறகு படித்தவர்கள் இலத்தீனைக் கொண்டுவந்தார்கள். ஆஸ்க் பழைய ஆங்கிலம், குவெஸ்சன் பிரெஞ்சு வழி, இன்டரோகேட் இலத்தீன். வீட்டுச் சொல், கந்தோர்ச் சொல், பொலிஸ் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் ‘விசாரி’ இந்த மூன்றிலும் கால் வைக்கும்: ‘அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்கோ’ என்பது ஆஸ்க் ஆஃப்டர், பொலிஸ் விசாரிப்பது சம்பவத்தை என்றால் இன்வெஸ்டிகேட், பிடித்த ஆளை என்றால் இன்டரோகேட். அம்மாவை இன்டரோகேட் பண்ணிவிடக்கூடாது.

இங்கேதான் ஒத்தசொல் அகராதி கெடுதல் செய்கிறது. 1852இல் பீட்டர் ரோஜே வெளியிட்டது முதல் இன்றைய கைப்பேசிச் செயலி வரை, அவை கிட்டத்தட்ட ஒரே பொருளுள்ள சொற்களை வரிசையாகத் தரும். எது எங்கே பொருந்தும் என்று சொல்லாது. தெரிந்த சொல்லை மறந்துபோனவர் அதைத் திரும்பப் பிடிக்க அது நல்ல கருவி. தெரியாத சொல்லை எடுத்துப் பாவிக்க அது கருவியல்ல. ஐஈஎல்டிஎஸ் எழுத்துப் பரீட்சையில் சொல்வளத்துக்கு நாலில் ஒரு பங்கு புள்ளி. அதைக் கேட்டதும் ஹெல்ப்பை ஒழித்துவிட்டு அசிஸ்ட், பிகினை ஒழித்துவிட்டு கொமென்ஸ், மெனியை ஒழித்துவிட்டு பிளெத்தோரா என்று அடுக்குகிறார்கள். ஏழாம் புள்ளிக்குப் பரீட்சகர்கள் பார்ப்பவற்றில் ஒன்று சொற்சேர்க்கை, எந்தச் சொல்லோடு எது சேரும் என்பது. பிளெத்தோராவில் ‘தேவைக்கு மேல்’ என்ற சாயல் இருக்கிறது. ‘பிளெத்தோரா ஒஃப் ஃபிரென்ட்ஸ்’ என்று எழுதினால் நண்பர்கள் தொல்லையாகிவிட்டார்கள் போலிருக்கும். பலத்த மழை ‘ஸ்ட்ரோங் ரெய்ன்’ அல்ல, ‘ஹெவி ரெய்ன்’. பலத்த காற்று ‘ஸ்ட்ரோங் விண்ட்’. சாயம் கூடின தேத்தண்ணியும் ஸ்ட்ரோங்தான். சாயம் குறைந்தால் வீக். இதற்கு நியாயம் கேட்டால் கிடைக்காது, சேர்த்துப் பாடமாக்குவதுதான் வழி.

மணத்தில் தமிழும் ஆங்கிலமும் நேருக்கு நேர் நிற்கும். திருக்குறள் காலத்தில் நாற்றம் நறுமணத்துக்கும் வழங்கியது, இன்று மூக்கைப் பொத்த வைக்கிறது. எங்கள் பேச்சில் மணம் இரண்டு பக்கமும் போகும்: மல்லிகையும் மணக்கும், மீன் கூடையும் மணக்கும். ஆங்கிலத்தில் அந்த நடுச்சொல் ஸ்மெல். ஆனால் அடை இல்லாமல் ‘இட் ஸ்மெல்ஸ்’ என்று நிறுத்தினால் கெட்ட மணம் என்றே எடுப்பார்கள். பூ, சாம்பிராணி, சந்தனம் என்றால் ஃபிரேக்ரன்ஸ். கோப்பி வறுக்கும்போதும், அடுப்பில் கூழ் கொதிக்கும்போதும் வருவது அரோமா, வாயூற வைக்கவேண்டும். சென்ட் என்பது மெல்லிய, ஆளையோ விலங்கையோ அடையாளம் காட்டும் மணம். நாய் மோப்பம் பிடித்துப் போவது அதைத்தான். நாங்கள் ‘சென்ற்’ என்று போத்தலில் வாங்குவது அவர்களுக்குப் பெரும்பாலும் பெர்ஃபியூம். ஓடர் அறிக்கைச் சொல்: எரிவாயு கசிவு, குடிதண்ணீரில் வாடை. அடைத்துப்போன வாய்க்கால் ஸ்டெஞ்ச். கருவாட்டை எந்தப் பெட்டிக்குள் போடுவது என்பது மூக்குக்கு உரியவரைப் பொறுத்தது. எங்களுக்கு அது சந்தேகமில்லாமல் அரோமா.

விளையாட்டில்லாத ஓரிடம் படிவங்கள். 1995 ஒக்ரோபர் 30இல், போர் நெருங்கி, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி வெறிச்சோடிப் போன நாளை ‘இடப்பெயர்வு’ என்கிறோம். ஊரைவிட்டுப் போனாலும் நாட்டுக்குள் இருந்தவர் இடம்பெயர்ந்தவர். கடல்கடந்து போய்க் குடியிருப்பவர் புலம்பெயர்ந்தவர். இந்தப் பிரிப்பு ஆங்கிலத்திலும் அப்படியே இருக்கிறது, ஆனால் பேச்சில் எல்லாரையும் ‘அகதி’ என்று சொல்லிப் பழகியதால் எழுதும்போது ரெஃபியூஜி என்று வந்துவிடுகிறது. 1951 அகதிகள் சமவாயத்தின்படி ரெஃபியூஜி என்பவர் தன் நாட்டுக்கு வெளியே இருக்கவேண்டும். கொடிகாமத்துக்கோ வன்னிக்கோ போய் முகாமில் இருந்தவர் ‘இன்டர்னலி டிஸ்பிளேஸ்ட்’. வெளிநாட்டில் விண்ணப்பம் கொடுத்துத் தீர்ப்பு வராமல் இருப்பவர் அசைலம் ஸீக்கர். அங்கீகரிக்கப்பட்ட பிறகே ரெஃபியூஜி என்று எழுதலாம். விசாப் படிவத்தில் ‘முன்பு அகதி அந்தஸ்துக் கோரினீர்களா’ என்ற கேள்விக்கு, வன்னி முகாமை நினைத்து ‘ஆம்’ போட்டால் பதில் பிழையாகிவிடும்.

எமிகிரேட், இமிகிரேட் இரண்டுக்கும் திசை மட்டுமே வித்தியாசம். எங்கள் திணைக்களத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது: குடிவரவு, குடியகல்வு. வருவது இமிகிரேஷன், அகல்வது எமிகிரேஷன். ஆள் ஒருவரேதான், எந்தக் கரையில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் கேள்வி. காயத்துக்கும் இப்படி ஒரு பிரிப்பு உண்டு: விபத்தில் பட்டால் இன்ஜர்ட், ஆயுதத்தால் பட்டால் வூண்டட், பொருள் சேதமானால் டமேஜ்ட். மருத்துவக் குறிப்பிலும் நட்டஈட்டு விண்ணப்பத்திலும் ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட்டால் சம்பவமே வேறாகிவிடும்.

கொப்பி வைக்க விரும்புபவருக்கு: ஒரு இணைக்கு ஒரு பக்கம், வாரத்துக்கு மூன்று இணைக்கு மேல் வேண்டாம். பக்கத்தின் தலையில் தமிழ்ச் சொல்லை எழுதி, கீழே கோடிட்டு இரண்டு பக்கமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் முதலில் தமிழ் வாக்கியம், வேற்றுமை உருபும் துணைவினையும் விடாமல். அடுத்தது ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் வரும் சிறு சொல்: டு, ஃப்ரொம், ஃபோர், அல்லது ஒன்றுமில்லை. அதற்குக் கீழே எதிர்ச்சொல். ஹார்ட் என்பதற்கு எதிர் ஈஸியா சொஃப்டா என்று எழுதும்போதே அது எந்த ஹார்ட் என்று தெரிந்துவிடும். ஓல்டுக்கு யங்கா நியூவா என்பதும் அப்படித்தான். கடைசியில் மாணவர்களுக்கென்று ஆங்கிலத்துக்கு ஆங்கிலம் எழுதிய அகராதியில் இருந்து ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம், மாற்றாமல். பொருள் விளக்கத்தை விட்டுவிட்டு எடுத்துக்காட்டை முதலில் வாசியுங்கள், அதில்தான் சிறு சொல் இருக்கும். ஏழாம் நாள் ஆங்கிலப் பகுதியைக் கையால் மறைத்து, தமிழ் வாக்கியத்தை மட்டும் பார்த்து எழுதிப் பாருங்கள். பிழை வந்த பக்கத்தின் மூலையை மடித்துவிட்டு அடுத்த வாரம் அதோடு தொடங்குங்கள். மூன்று தரம் மடிந்த மூலை என்றால் அந்தப் பக்கத்தில் தமிழ் வாக்கியம் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கிழித்துவிட்டு, ‘எனக்கு’வா ‘நான்’ஆ என்பதில் இருந்து புதிதாக எழுதவேண்டும்.